கலவை மது: குவளையைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்
60 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கள்ளுக்கடையைத் தெரியும், சம்சுவையும் தெரியும். அவை குடும்பங்களுக்குக் கொடுத்த துன்பமும் தெரியும். இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். பிறந்தநாள், பதவி உயர்வு என்றால் அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு சாங்காட் புக்கிட் பிந்தாங், பெட்டாலிங் சாலைப் பக்கம் உள்ள காக்டெய்ல் பார்களுக்குப் போகிறார்கள். "இது சும்மா ஜூஸ் மாதிரிதான்பா, ஒன்று குடித்துப் பாருங்கள்" என்று அன்போடு சொல்கிறார்கள்.

அது ஜூஸ் அல்ல. ஏன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

காக்டெய்ல் என்பது என்ன?

கடும் மது ஒன்றையோ பலவற்றையோ பழச்சாறு, சீனிப்பாகு, சோடா போன்றவற்றுடன் கலந்து தருவதே காக்டெய்ல். நம் நாட்டிலேயே பிறந்த ஒன்று உண்டு. அதன் பெயர் ஜங்கள் பேர்ட். 1970-களில் கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் பாரில் உருவானது. ரம், கம்பாரி என்ற கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சீனிப்பாகு ஆகியவை அதில் சேரும். வாயில் படுவது அன்னாசியின் இனிப்பு. உடலுக்குள் போவது ரம். கள்ளின் புளிப்பும் சம்சுவின் எரிச்சலும் "போதும்" என்று நம்மை எச்சரித்தன. இனிப்பு அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

கணக்குப் போடுவது எப்படி?

மதுவின் அளவை மில்லிலிட்டரில் எடுங்கள். போத்தலில் போட்டிருக்கும் விழுக்காட்டால் பெருக்கி, 100-ஆல் வகுங்கள். வருவதை 0.8-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் ஆல்கஹால் என்று தெரியும். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்துக்கொள்வோம்.

• 4 விழுக்காடு உள்ள கள், 500 மில்லி: 16 கிராம். ஒன்றரை அளவுக்கு மேல்.
• 5 விழுக்காடு உள்ள 320 மில்லி டின் பீர்: சுமார் 13 கிராம். ஓர் அளவுக்கு மேல்.
• ஜங்கள் பேர்ட், ரம் 45 மில்லி, கம்பாரி 22 மில்லி சேர்த்தால்: சுமார் 19 கிராம். ஏறக்குறைய 2 அளவு.
• லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீ, 5 வகைக் கடும் மது தலா 15 மில்லி: சுமார் 24 கிராம். பெயரில்தான் தேநீர், உள்ளே 2 அளவுக்கு மேல் மது.
• 37 விழுக்காடு உள்ள சம்சு, 150 மில்லி: சுமார் 44 கிராம். 4 அளவுக்கு மேல்.

"இரண்டு கிளாஸ்தான் குடித்தேன்" என்பது உண்மையாக இருக்கலாம். உடல் கிளாஸை எண்ணுவதில்லை. கிராமைத்தான் எண்ணுகிறது.

வயதான உடலில் என்ன மாற்றம்?

வயது ஏற ஏற உடலில் நீரின் அளவு குறைகிறது. 40 வயதில் குடித்த அதே அளவு 70 வயதில் இரத்தத்தில் கூடுதலாக ஏறும். கால் தடுமாறும். வயதான காலத்தில் ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி நடமாடுவது கடினம்.

மருந்து சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

• இரத்த அழுத்த மருந்து: எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.
• வார்ஃபரின்: இரத்தக் கசிவு அபாயம் கூடும்.
• தூக்க மாத்திரை: மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.
• இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற இனிப்புநீர் மருந்துகள்: இரத்தத்தில் சீனி திடீரென இறங்கிவிடும்.

போதையா, சீனி இறக்கமா?

கடைசியாகச் சொன்னதைக் குடும்பத்தார் அனைவரும் புரிந்துகொள்ள வேண்டும். இப்படி நடக்கலாம்: தாத்தாவுக்கு இனிப்புநீர். மாலையில் மருந்து போட்டுக்கொண்டார். பாரில் பேச்சு சுவாரசியத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு கிளாஸ் குடித்தார். சீனி இறங்கும்போது அதை ஈடுகட்டும் வேலையைக் கல்லீரல்தான் செய்கிறது. மதுவைக் கரைப்பதில் ஈடுபட்டிருக்கும் கல்லீரலால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. இரவில் அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. "தாத்தாவுக்குப் போதை ஏறிவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து அவர் எழாமலே போகலாம்.

இந்தச் சீனி இறக்கம் பல மணி நேரம் கழித்தும், மறுநாள் காலையிலும்கூட வரலாம். ஆகவே:

1. இனிப்புநீர் உள்ளவர் குடித்திருந்தால், படுக்குமுன் சீனி அளவைச் சோதியுங்கள்.
2. மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தால், விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள்.
3. எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

மலிவு மதுவின் அபாயம்

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்துப் பல மணி நேரம் கழித்துக் கண் மங்கினால், வயிறு வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளைகள் அழைத்தால் என்ன செய்வது?

தாராளமாகப் போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசும் நேரம் உடம்புக்கும் மனதுக்கும் நல்லது. அதற்கு மது தேவையில்லை. சோடா, எலுமிச்சை, புதினா சேர்த்து, சீனிப்பாகு இல்லாமல், அதே அழகான குவளையில் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளே, அப்பா வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். குடித்தவர் யாரும் மலாக்காவுக்கு வண்டி ஓட்டித் திரும்ப வேண்டாம். 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. குடிக்காதவர்கள் இப்போது தொடங்க வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டரின் உதவியோடு நிறுத்துங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் மருந்துப் பையை எடுத்துச் செல்லுங்கள். "இதைச் சாப்பிடும்போது மது ஆகுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மை தெரிந்தால்தான் டாக்டரால் உங்களுக்கு ஏற்ற மருந்தைத் தர முடியும்.