நம் நாட்டில் நிலம் நடுங்கிய வரலாறு



மலேசியா நிலநடுக்கம் அறியாத நாடு என்று பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் காலை 6.13 மணிக்கு ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் நிலம் நடுங்கியது. அதிர்வு நம் நெகிரி செம்பிலான் வரை எட்டியது. அதன் அளவு 4.1தான், உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும், “இங்கேயுமா, ஐயா?” என்று மாணவர் பலர் வினவினர். அவ்வினாவுக்கு விடையாக இதனை எழுதுகிறோம்.

பூமியின் மேலோடு ஒரே பாறையன்று. அது பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. சுமத்திராவின் மேற்குக் கடலடியில் ஒரு தட்டு மற்றொன்றின் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் புகுகிறது. விரல்நகம் வளரும் வேகம் என்று கொள்ளலாம். இடையே சிக்கிய பாறை பல்லாண்டுகள் அழுத்தத்தைத் தாங்கி, ஒருநாள் திடீரென நழுவும். அதுவே நிலநடுக்கம். தீபகற்ப மலேசியா அவ்வெல்லைக்குத் தொலைவில் இருப்பதால், அங்கு எழும் அதிர்வு தணிந்தே இங்கு வருகிறது. கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் இருப்போர் அதனை உணர்வர். தோட்டத்து லயங்களில் இருப்போர் பெரும்பாலும் உணர்வதில்லை. தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் உயர்ந்த கட்டடங்களையே மிகுதியாக அசைக்கும்.

ஆனால் கடல் தணியவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 9 மணியளவில் சுமத்திராவை ஒட்டிய கடலடி 9.1 அளவில் குலுங்கியது. ஆழிப்பேரலை பினாங்கை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரம்! இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அந்நாளில் இல்லை. விடுமுறை நாளென்று கடற்கரைக்குச் சென்றிருந்தோர் அலை வருவதை அறியாதிருந்தனர். நம் நாட்டில் 68 பேர் மாண்டனர்; அவர்களுள் 52 பேர் பினாங்கில். நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினமும் அன்றே அழிவு கண்டது. தமிழ்நாட்டில் மட்டும் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர்.

நம் மண்ணிலேயே எழுந்து உயிர் குடித்த நிலநடுக்கமும் உண்டு. சபாவில் 1976இல் லகாட் டத்து நகரின் கட்டடங்கள் சேதமுற்றன. 2015 ஜூன் 5ஆம் நாள் காலை 7.15 மணிக்கு ரானாவ் வட்டாரம் 6.0 அளவில் நடுங்கியபோது, கினாபாலு மலைமீது 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளி மாணவர் எழுவரும் ஆசிரியர் இருவரும் அவர்களுள் அடங்குவர். இவ்வரிகளை எழுதுகையில் நம் கை தயங்குகிறது. அவர்கள் நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒத்த வயதினர். சரிவிலிருந்து உருண்ட பாறைகளே அவர்களைக் கொன்றன. மலையறிந்த உள்ளூர் வழிகாட்டிகளும் மாண்டனர்.

தீபகற்பத்திலும் பழைய நிலப்பிளவுகள் உள்ளன. 2007 முதல் புக்கிட் திங்கியிலும், 2009இல் நம் கோலப்பிலாவிலும் சிற்றதிர்வுகள் பதிவாயின. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. ஆகவே சிகாமட்டைக் கினாபாலுவோடு ஒப்பிட்டு யாரும் அஞ்சவேண்டியதில்லை.

பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பழைய லய வீடு எடை குறைந்தது. அதனினும் ஆபத்தானவை உள்ளே தலைக்குமேல் அடுக்கிய இரும்புப் பெட்டிகளும், சுவரோடு பிணைக்காத அலமாரிகளும்தாம். அவற்றின் அடியில் குழந்தைகளைப் படுக்க வைக்கலாகாது. வகுப்பில் நிலம் ஆடினால் மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பற்றிக்கொள்க. ஆட்டம் நின்றபின் வரிசையாகத் திடலுக்கு வருக. கடற்கரையில் நீர் திடீரென உள்வாங்கக் கண்டால், மீன் பொறுக்க நில்லாது மேட்டுக்கு ஓடுக.

நம் பள்ளியில் நூலக அடுக்குகளைச் சுவரோடு பிணைத்துவிட்டோம். நான்காம் ஆண்டு வகுப்பின் உயரமான அலமாரி ஒன்றே எஞ்சியுள்ளது. தச்சு வேலை அறிந்த பெற்றோர் எவரேனும் ஒரு சனிக்கிழமை வந்து உதவினால் அதுவும் முடிந்துவிடும்.