உடைந்த பல் அடைப்பு: பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

முறுக்கு கடிக்கும்போது கடைவாய்ப்பல்லில் ஏதோ பெயர்கிறது. எப்போதோ சொத்தைக்கு வைத்த அடைப்பின் ஓரத்தில் ஒரு துண்டு போய்விட்டது. மருத்துவரிடம் போனால், “பழசை எடுத்துட்டுப் புதுசா வெச்சிடலாம்” என்கிறார். நம்மில் பெரும்பாலோர் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிடுகிறோம்.

கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாதா என்று அங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பான எஃப்.டி.ஐ. 2019இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அடைப்பில் ஒரு பகுதி மட்டும் கெட்டு மற்றது நன்றாக இருந்தால், கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்யும் வழியையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

காரணம் எளிது. பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கும்போது சுற்றியுள்ள நல்ல பல்லும் கொஞ்சம் போகும். பல் நிற அடைப்பு என்றால் அது எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் இழப்பு இன்னும் கூடும். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் குழி பெரிதாகி, பல்லின் சுவர் மெலிகிறது. அப்புறம் கேப், பிறகு வேர் சிகிச்சை, கடைசியில் பல்லைப் பிடுங்குவது என்று போகும் பாதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

படி 1: உடைந்தவுடன் என்ன செய்யலாம்

மறுபக்கத்தால் மெல்லுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளியுங்கள். வலி இல்லையென்றால் பதற வேண்டியதில்லை. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. குழியில் உணவு தங்கினால் புதிய சொத்தை பிடித்துக்கொள்ளும்.

கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் திணிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் கிராம்பில் உள்ள யூஜினால், பல் நிற அடைப்பு சரியாக இறுகுவதைத் தடுக்கும். ஏற்கெனவே வைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் ஒட்டுப் பசைகளை எக்காரணம் கொண்டும் பல்லில் தடவாதீர்கள்.

முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 2: வலியின் குணத்தைக் கவனியுங்கள்

மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, உடனே அடங்கிவிட்டால், பல்லின் உள்ளே உள்ள நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கூச்சம் வெகுநேரம் நீடித்தாலோ, இரவில் தானாகவே விண்விண்ணென்று தெறித்தாலோ, நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது பேச்சு அடைப்பைத் தாண்டி வேர் சிகிச்சைக்குப் போய்விடுகிறது. கடித்துவிட்டுப் பல்லை விடுவிக்கும் நொடியில் சுருக்கென்று குத்தினால், பல்லிலேயே விரிசல் இருக்கக்கூடும்.

படி 3: பரிசோதனையில் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்

பல்லைக் காற்றூதி உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரு பற்களுக்கு நடுவே உள்ள அடைப்பு என்றால், பற்களைக் கடித்தபடி எடுக்கும் சிறிய எக்ஸ்ரே தேவைப்படலாம். படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிவதாலேயே அது சொத்தை ஆகிவிடாது. காபி, டீ, வெற்றிலை எல்லாம் ஓரங்களில் கறை படியவைக்கும். எக்ஸ்ரேயில் அடைப்புக்கு அடியில் தெரியும் கருமையும் எப்போதும் சொத்தை அல்ல. சில வகை ஒட்டும் பூச்சுகள் அப்படித் தெரிவதுண்டு. இடம் மெத்தென்று இளகியிருக்கிறதா, உண்மையிலேயே குழி விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. கறைக்காக மட்டும் ஒரு நல்ல அடைப்பைத் தோண்டச் சம்மதிக்காதீர்கள்.

படி 4: எது உங்களுக்குப் பொருந்தும்

வழி இரண்டுதான் என்று நினைக்க வேண்டாம். சின்னக் கறையோ, லேசான தேய்மானமோ இருந்தால் ஒன்றும் செய்யாமல் அடுத்த வருகையில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். சொரசொரப்பாக இருந்தால் தேய்த்து மெருகேற்றலாம். ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருந்தால் பிசின் பூசி மூடலாம்.

ஒரு மூலை உடைந்திருந்தாலோ, ஓரத்தில் சிறிய சொத்தை புதிதாக வந்திருந்தாலோ பழுது பார்க்கலாம். மீதி அடைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும்; கெட்ட இடம் முழுவதும் மருத்துவரின் கருவிக்கு எட்ட வேண்டும். அடைப்பு ஆடினாலோ, சொத்தை அடியில் பரவியிருந்தாலோ, பழுது பார்த்த இடம் திரும்பத் திரும்பப் பெயர்ந்தாலோ மாற்றுவதே சரி. பல்லின் சுவரே பெரிதாக உடைந்துபோயிருந்தால் புதிய அடைப்பும் தாங்காது, கேப் வேண்டியிருக்கும்.

சொத்தைக்காகச் செய்த பழுதைவிட, உடைந்ததற்காகச் செய்த பழுது சீக்கிரம் பெயர்வதாக ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. கடிக்கும் அழுத்தம் அதே இடத்தில் தொடர்வது இதற்கு ஒரு காரணமாகலாம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை இல்லாமல் அவர்களுக்கு எந்த அடைப்பும் நெடுநாள் நிற்பது கடினம்.

படி 5: பழுது பார்க்கும்போது என்ன நடக்கும்

கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, மீதியுள்ள பழைய அடைப்பின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். பல்லின் மீது பாஸ்பாரிக் அமில ஜெல்லைத் தடவிக் கழுவி, ஒட்டும் திரவம் பூசி, பல் நிறப் பிசினை வைத்து நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். எச்சில் படாமல் பல்லை உலர்வாக வைத்திருப்பதில்தான் பிடிப்பே இருக்கிறது. சிறிய பழுதுக்கு மரத்துப்போகும் ஊசிகூடப் பல சமயம் தேவைப்படாது. வெள்ளி அடைப்பின் உடைந்த மூலையையும் பல் நிறப் பிசினால் சரிசெய்ய முடியும்.

வெள்ளி அடைப்பு பற்றிய பயம்

வெள்ளி அடைப்பில் ஏறத்தாழ பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவத் தேவை உள்ள சில நேரங்களைத் தவிர, அதைப் புதிதாக வைப்பதை நிறுத்திவிட்டது. இதைக் கேட்டுப் பலர் நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பெயர்த்தெடுக்க ஓடுகிறார்கள். அது வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் தந்த அறிவுரையும் அதுதான்: மருத்துவக் காரணம் இல்லாமல் நல்ல நிலையில் உள்ளதை அகற்றக் கூடாது. அகற்றும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிவரும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். கர்ப்பிணிகள் அவசரம் இல்லாவிட்டால் வெள்ளி அடைப்பை வைப்பதையும் எடுப்பதையும் தள்ளிப்போடுவது நல்லது.

படி 6: செலவும் கேள்விகளும்

பழுது பார்ப்பதற்குப் பொதுவாகச் செலவும் நேரமும் குறைவு. கட்டணம் சுமையாக இருந்தால் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்களில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவாக இருப்பதுண்டு. நேரம்தான் கொஞ்சம் கூடுதலாகும்.

சிகிச்சைக்குப் பின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும்போது அந்த இடம் மட்டும் உயர்ந்து இடித்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். திரும்பப் போனால் சில நிமிடங்களில் தேய்த்துச் சமன் செய்துவிடுவார்கள்.

அடுத்த முறை நாற்காலியில் சாய்வதற்கு முன் மருத்துவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எந்த இடம் கெட்டிருக்கிறது? அதை மட்டும் சரிசெய்ய முடியாதா? முடியாது என்றால் ஏன்? பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் பல்லை ஒப்படையுங்கள். பதில் சொல்லாமல் அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.