செக்கோச்சி எங்கே?

கீழ்க்காணும் பகுதியை வாசித்திடுக.

வீட்டிலுள்ள ஒரு பொருளை வேலை செய்யாமல் நிறுத்திவிட, அதன் பெரிய பாகம் உடைய வேண்டும் என்பதில்லை. விரல் நுனியில் அடங்கும் ஒரு சிறு பாகம் காணாமற்போனாலே போதும். நான் படிவம் ஒன்றில் பயின்றபோது இதனை நேரில் உணர்ந்தேன்.

அப்போது நாங்கள் கிள்ளானில் வசித்தோம். அம்மா அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பார். கால்மிதியுடன் கூடிய கறுப்பு நிறத் தையல் இயந்திரம் ஒன்று முன்கூடத்துச் சன்னலோரம் இருந்தது. தீபாவளி மாதம் வந்துவிட்டால் அதன் ஓசை நள்ளிரவு வரை ஓயாது. பள்ளிக் கட்டணம், பலகாரச் செலவு, எங்கள் புத்தாடை எல்லாம் அந்த ஓசையிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு ஐந்து நாள்களே இருந்தன. பதினொரு ரவிக்கைகளுக்கான துணிகளை அம்மா வெட்டி முடித்திருந்தார். வியாழக்கிழமை மாலை அவர் அண்டை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவருக்கு உதவலாம் என்று எனக்குத் தோன்றியது. பழைய நாளிதழைத் தரையில் விரித்து, இயந்திரத்தின் அடிப்பகுதியைத் திறந்தேன். பாபின் அமரும் சிறிய உலோகக் கூட்டைக் கழற்றி நாளிதழின்மேல் வைத்தேன். உள்ளே படிந்திருந்த பஞ்சுத்தூளைத் தூரிகையால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டேன்.

அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. திறந்த மூடியை அவசரமாகத் தள்ளி மூடிவிட்டு வெளியே ஓடினேன். துணிகளோடு திரும்பியபோது அம்மா வந்து கூடத்தைப் பெருக்கி முடித்திருந்தார். கழற்றிய கூடு என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் பள்ளி ஓய்வு நேரத்தில்தான் அது திடீரென நினைவுக்கு வந்தது. வீட்டிற்கு ஓடிவந்தேன். அம்மா தரையில் அமர்ந்து, நூலும் பொத்தானும் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

“செக்கோச்சியைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.

“இல்லையம்மா” என்றேன். அந்தச் சொல் என்னை அறியாமலே வந்துவிட்டது. பிறகு அதைத் திருத்தத் துணிவு வரவில்லை. அம்மா பார்க்காத வேளையில் குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். அது காலியாகக் கிடந்தது. காலையிலேயே குப்பை லாரி வந்து சென்றிருந்தது. நாளிதழோடு கூடும் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு சிறு கூட்டின் பெரிய வேலை

பாபின் கூட்டை மலாயில் ‘செக்கோச்சி’ என்பர். அச்சொல்லுக்குச் சிறுபடகு என்றும் பொருள் உண்டு. நெசவாளர் தறியில் குறுக்கே நூலைக் கொண்டு செல்லும் கருவியைத் தமிழில் ‘ஓடம்’ என்கிறோம். ஓடமும் படகுதான். 1846ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்தில், ஊசியின் கண் அதன் கூர்முனைக்கு அருகில் இருந்தது. இரண்டாம் நூலைச் சுமந்துகொண்டு ஓர் ஓடம் துணியின் மறுபுறத்தில் முன்னும் பின்னும் சென்றது. பிற்காலத்தில் வட்ட வடிவப் பாபினும் கூடும் அதன் இடத்தைப் பிடித்தன.

கையால் தைப்பதற்கு ஒரு நூல் போதும். இவ்வகை இயந்திரத் தையலுக்கோ இரண்டு நூல்கள் வேண்டும். ஊசி மேல்நூலுடன் துணிக்குள் இறங்குகிறது. அது மேலேறத் தொடங்கும்போது நூல் சிறு வளையமாக விரிகிறது. கீழேயுள்ள கொக்கி அவ்வளையத்தைப் பற்றி, பாபின் கூட்டைச் சுற்றிக் கொண்டுவருகிறது. இதனால் மேல்நூல் கீழ்நூலைத் தழுவிக்கொள்கிறது. உடனே மேலேயுள்ள நெம்புகோல் நூலை இழுக்க, துணிக்கு நடுவில் முடிச்சு இறுகுகிறது. கொக்கி அசையலாம், கூடு அசையக்கூடாது. அதனால்தான் கூட்டில் விரல்போல் நீண்ட ஒரு பகுதி இருக்கிறது. அது இயந்திரத்திலுள்ள பள்ளத்தில் அமர்ந்து கூட்டை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. கூட்டின் பக்கவாட்டிலுள்ள சிறு திருகாணி கீழ்நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது.

பொருந்தாத கூடு

பிஸ்கட் டின்னுக்குள் வேறொரு கூடு இருந்தது. பாட்டி விற்றுவிட்ட இயந்திரத்தினுடையது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எங்கள் பாபினும் அதற்குள் சரியாக அமர்ந்தது. அம்மா நம்பிக்கையோடு ஒரு பட்டு ரவிக்கையின் தோள்பகுதியைத் தைக்கத் தொடங்கினார். நான்கு தையல்கள் போவதற்குள் துணிக்கு அடியில் நூல் பந்தாகச் சுருண்டது, ஊசியும் ஒடிந்தது. அந்தக் கூட்டின் விரல் சற்றே வேறு பக்கம் சாய்ந்திருந்ததால் பள்ளத்தில் அமரவில்லை. கொக்கி திரும்பியபோது கூடும் சேர்ந்து திரும்பிவிட்டது.

அம்மா நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பருத்தியாக இருந்தால் ஊசித்துளை மறைந்துவிடும், பட்டில் மறையாது. அவர் என்னைத் திட்டவில்லை. துளைகளை நகத்தால் நீவியபடி, “பிறர் வீட்டுத் துணி” என்று மட்டும் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பேருந்தேறி நகருக்குச் சென்றோம். தையல் இயந்திர உதிரிப்பாகம் விற்கும் கடையில் வயதான சீனத் தவுக்கே இருந்தார். அவர் மூன்று வகைக் கூடுகளை மேசைமீது வைத்து, “எது?” என்று மலாயில் கேட்டார். இயந்திரத்தின் எண்ணும் எங்களுக்குத் தெரியாது. பழைய கூடும் கையில் இல்லை. அம்மா சிறிது தயங்கினார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, கூட்டை இயந்திரத்தில் பொருத்துவதுபோல் இடக்கையை நீட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து வெறுங்காற்றில் பொருத்திப் பார்த்தார். மூன்றாவதைத் தொட்டதும், “இதுதான்” என்றார். நாள்தோறும் செய்த வேலையை விரல்கள் மறக்கவில்லை. விலை ஆறு வெள்ளி.

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். துடைத்தது, நாளிதழில் வைத்தது, மழை, குப்பை லாரி என எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை வியப்போடு பார்த்தார்.

“நாளிதழா? தரையில் கிடந்ததா? அதை நான் குப்பையில் போடவில்லையே. வெட்டுத்துணிகளை அதில்தானே சுருட்டி வைத்தேன்!”

வீட்டை அடைந்ததும் கட்டிலின் அடியிலிருந்த சுருளைப் பிரித்தோம். பச்சை, மஞ்சள் துணித்துண்டுகளுக்கு நடுவில் கூடு மின்னியது.

அது எங்கே வைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அந்த நாளிதழ் எங்கே போனது என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் வாய் திறந்திருந்தால் வெள்ளிக்கிழமையே அது கிடைத்திருக்கும். நாளுக்கு நான்கு ரவிக்கை தைப்பவருக்கு ஏறக்குறைய இரண்டு நாள்கள் வீணாயின. அந்தப் பட்டு ரவிக்கைக்கு அம்மா கூலி வாங்கவில்லை. துளைகள் தெரியாதவாறு தோளில் சரிகை வைத்துத் தைத்தார். மூன்று இரவுகள் அவர் தைக்க, நான் அருகில் அமர்ந்து ஊக்குகளைக் கையால் தைத்தேன். கடைசி ரவிக்கை தீபாவளியன்று விடியற்காலையில்தான் உரியவர் வீட்டிற்குச் சென்றது.

புதிய கூட்டை அம்மா பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார். பாட்டியின் கூட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, “இது பொருந்தாது” என்று எனக்குக் காட்டி வைத்தார். அதன்பின் நான் எந்தப் பொருளைக் கழற்றினாலும், பாகங்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்த பிறகே அடுத்த வேலையைப் பார்க்கிறேன். ஏதேனும் தொலைந்தால் முதலில் வீட்டாரிடம் சொல்லிவிடுகிறேன். தேடுவது அதற்குப் பிறகுதான்.

சிந்தித்து விடையளித்திடுக

1. பாட்டியின் பாபின் கூடு பொருந்தாமல் போனதற்கான காரணம் என்ன?
2. இயந்திரத் தையலில் முடிச்சு விழும் முறையை உமது சொந்த நடையில் விளக்குக.
3. அம்மா சரியான கூட்டை எவ்வாறு கண்டறிந்தார்? இதன்வழி அவரைப் பற்றி நீர் அறிவது யாது?
4. பட்டு ரவிக்கைக்கு அம்மா கூலி வாங்காதது சரியா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.