குப்பைக் கூடையிலிருந்து வார்டு வரை



சென்ற அக்டோபர் மழையில், தெருக்குப்பை அள்ளும் ஓர் அம்மாள் உள்ளங்கையைத் துணியால் சுற்றிக்கொண்டு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார்கள். பாலிதீன் பையைத் தூக்கியபோது உள்ளிருந்த ஊசி குத்திவிட்டது. "சின்ன ஊசிதான் ஐயா, சர்க்கரைக்காரங்க போடுற ஊசி" என்றார்கள். எங்களுக்குப் பேச வாய் எழவில்லை. எங்கள் வீட்டிலும் 11 வருடமாக இன்சுலின் போடப்படுகிறது. அன்று காலைவரை அந்த ஊசிகள் சமையல் குப்பையோடுதான் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆகையால் இம்மாதப் பாடத்தை எங்கள் சொந்தக் குப்பைக் கூடையிலிருந்தே தொடங்குகிறோம்.

குப்பையில் வாழும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நமக்குப் பகை அல்ல. வாழைப்பழத் தோலையும் மீந்த சோற்றையும் மண்ணாக்குவது அவைகளே. நன்றாய்க் கூட்டிவைத்த எருக்குவியலின் நடுப்பாகம் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் சில நாட்கள் கிடந்தால் பேதி, டைபாய்டு கிருமிகள் மடிந்துபோகும். குவியலைக் கிளறிவிடுவதும் இதற்காகத்தான், ஓரத்தில் கிடப்பதும் சூட்டுக்குள் போகவேண்டும்.

நோய்க் கிருமிகளை அதில் போடுகிறவர்கள் நாம். குழந்தையின் டயப்பர், சளி துடைத்த துணி, புண்ணில் கட்டிய பஞ்சு, கெட்டுப்போன இறைச்சி. கிருமிக்குக் கால் இல்லை, ஈ தன் கால்களைக் கடன் கொடுக்கிறது. வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஏறக்குறைய 10 நாளில் பறக்கும் ஈயாகிவிடும். எலியின் சிறுநீரிலிருக்கும் லெப்டோஸ்பைரா மழைநீரில் கலந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாய் உடம்புக்குள் ஏறும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்காய்த் தொட்டியும் பழைய டயரும் போதும். தண்ணீர் வற்றினாலும் அதன் முட்டை பல மாதம் காய்ந்தபடியே உயிரோடிருக்கும்.

1994 செப்டம்பரில் சூரத் பட்டணத்தில் நுரையீரல் பிளேக் பரவிய செய்தி மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த தெருக்களில் குப்பையும் செத்த பிராணிகளும் அழுகிக் கிடந்தன. சுமார் 50 பேர் மரித்தார்கள். லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். 1995இல் ஆணையராக வந்த எஸ். ஆர். ராவ் அதிகாரிகளைத் தினமும் தெருவில் இறக்கிக் குப்பையை அகற்றவைத்தார். சில வருடங்களுக்குள் நாட்டின் சுத்தமான நகரங்களில் ஒன்றென்று சூரத் பெயர்பெற்றது. மருந்து நோயாளிகளைக் காப்பாற்றியது உண்மை. ஊரைக் காப்பாற்றியது துடைப்பம் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

எருசலேமின் அலங்கத்தைத் திரும்பக் கட்டினபோது குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவன் ஒரு மாகாணத்தின் பிரபு என்று நெகேமியாவின் புத்தகம் சொல்லுகிறது. நம் சபைகளில் அந்த வேலைக்கு யாரை அனுப்புகிறோம்?

ஊசிக்கு வருவோம். காய்ந்த இரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். தடுப்பூசி போடாத கையில் அந்த வைரஸுள்ள ஊசி குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எய்ட்ஸ் கிருமி என்றால் 1000 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு. தெருவில் தப்பினாலும் முடிந்துவிடாது. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற கிடங்குகளில் பிளாஸ்டிக் பொறுக்கிப் பிழைத்தவர்கள் வெறுங்கையால்தான் குப்பையைக் கிளறினார்கள்.

குத்தினால் பிதுக்கவும் வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். எய்ட்ஸ் தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும்.

2016ஆம் வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் பயன்படுத்திய ஊசிகளை ஆபத்தான கழிவாகத் தனியே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. அதைப் படித்துமிருந்தோம், செய்யவில்லை. இப்போது எங்கள் சமையலறை அலமாரியில் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று நிற்கிறது. முக்கால் பாகம் நிறைந்ததும் ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அந்த அம்மாளுக்கு அன்றே டெட்டனஸ் ஊசியும் ஹெபடைடிஸ் பி முதல் தடுப்பூசியும் போட்டார்கள். இரண்டாவதற்கு நவம்பரில் தவறாமல் வந்தார்கள். மூன்றாவது வருகிற ஏப்ரலில். பைக்குள் குத்தியது யார் வீட்டு ஊசி என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் இன்னும் சொல்லவில்லை.