மணிக்கணக்கும் தடவைக்கணக்கும்

அன்புள்ள தம்பி,

சங்கரன்கோவிலில் இயன்முறை சிகிச்சைக் கூடம் திறந்து போர்டும் மாட்டியாயிற்று. விமானப் பராமரிப்பிலேயே தலை நரைத்த என்னிடம் வந்து, "உங்க தொழில்ல இருந்து எனக்கு எதுவும் உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாய். உண்டு. ஆனால் நீ எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1954இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, நடுவானில் சிதறி மத்தியதரைக் கடலில் விழுந்தன. காரணம் தேடி, பிரிட்டனில் ஃபார்ன்பரோ என்ற ஊரில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். உயரே போனால் விமானக் கூடு லேசாக உப்பும். இறங்கினால் பழைய நிலைக்கு வரும். அந்த விமானம் ஏற்கனவே பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது தடவையில் கூடு கிழிந்தது. உலோகம் அப்படித்தான். ஒவ்வொரு சுமையும் அதில் கணக்காக ஏறும். எத்தனை நாள் நிறுத்தி வைத்தாலும் அந்தக் கணக்கு குறையாது.

இந்தக் கணக்கை நம் ஜனங்கள் முழங்காலுக்கும் போட்டுவிட்டார்கள். "எலும்பு தேஞ்சு போச்சு, நடந்தா மிச்சமும் போயிரும்" என்று ஆச்சிமார் கட்டிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உயிருள்ள எலும்பு இதற்கு நேர்மாறு. எடையே இல்லாமல் விண்வெளி நிலையத்தில் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு, தொடை எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதைத் தடுக்கத்தான் அங்கே தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. ஸ்பாஞ்சைப் போல அமுங்கி விரிந்துதான் அது மூட்டு நீரிலிருந்து சாரத்தை இழுத்துக்கொள்கிறது. நடக்காத காலின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது என்று ஆச்சிக்குச் சொல். பட்டினி என்றால் அவர்களுக்கு உடனே புரியும்.

எல்லா வலிக்கும் நடையே மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை. வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும் மூட்டையும், ராத்திரி தூங்கவிடாத வலியையும் முதலில் டாக்டரிடம் அனுப்பு.

இனி, எடுத்துக்கொள்ள வேண்டியது. விமானத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம் ஓடும். எஞ்சினுக்கும் கூட்டுக்கும் பறந்த மணியையும் பார்ப்போம், ஏறி இறங்கிய தடவையையும் பார்ப்போம். லேண்டிங் கியர் எனப்படும் சக்கரக் காலுக்கு மணியைவிடத் தடவைதான் முக்கியம். பத்து மணி நேரம் பறந்து ஒரே ஒரு தடவை இறங்குகிற விமானத்தைவிட, மதுரைக்கும் சென்னைக்கும் நாள் முழுக்கப் போய்வருகிற சின்ன விமானத்தின் கால்தான் அதிகம் அடிவாங்கும்.

உன்னிடம் வருகிறவரிடம் "எத்தனை மணி நேரம் வேலை?" என்று மட்டும் கேட்காதே. விசைத்தறிக்காரரும் பீடி சுற்றும் அக்காவும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை. ஆனால் அந்த அக்கா மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருப்பதே அபூர்வம். தறிக்காரர் உட்காருவதே அபூர்வம். இழை அறுந்த தறிக்கெல்லாம் நடந்து குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார். எத்தனை தடவை எழுந்தார், குனிந்தார், படியேறினார் என்று கேட்டு ஒரு அட்டையில் எழுது. அக்காவுக்குத் தடவையைக் கூட்டு; தறிக்காரருக்கு நின்ற நேரத்தை இடையிடையே உடை. எங்கள் ஹேங்கரில் எழுதிக் கையெழுத்துப் போடாத வேலை, செய்யாத வேலை. நீயும் அந்த அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு.

தறிக்காரரின் காலைப் பார்த்திருப்பாய். நின்று நின்று ரத்தம் காலில் தேங்கி, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். போர்விமானிக்கும் இதே தொல்லைதான், அளவுதான் வேறு. வேகமாகத் திருப்பும்போது உடம்பின் எடை பல மடங்கு கூடி, ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வரும். அதற்கு அவர் காற்று நிரம்பிக் காலை இறுக்கும் உடுப்பைப் போட்டுக்கொள்கிறார். அதோடு விடாமல் தொடை, கெண்டைக்கால், வயிற்றுத் தசைகளைத் தானே முறுக்கிப் பிடிக்கவும் பழகுகிறார். உடுப்பு மட்டும் போதாது. நீ இறுக்கமான காலுறையை எழுதிக் கொடுத்தாலும், தறி ஓடும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லிக்கொடு. கெண்டைக்கால் தசை சுருங்கினால் ரத்தம் நன்றாக மேலே போகும்.

எடை விஷயத்தில் அப்துல் கலாமை நினைத்துக்கொள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். அக்னி ஏவுகணைக்காகச் செய்த எடை குறைந்த பொருளை ஹைதராபாத் நிஜாம் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தன் வார்டுக்கே அழைத்துப் போனார். அங்கே பிள்ளைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பரைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே வாரத்தில் 300 கிராமில் செய்து கொடுத்ததாகக் கலாம் சொல்லியிருக்கிறார். இடுப்பில் சுமக்கும் ஒரு கிலோவைவிடப் பாதத்தில் சுமக்கும் ஒரு கிலோ ஆளை அதிகம் களைக்க வைக்கும். ஆகவே கனத்த செருப்பு, பழைய இரும்புப் பட்டை எதுவானாலும் முதலில் தராசில் வை. "நாசா தொழில்நுட்பம்" என்று விளம்பரம் போட்டு வயிற்றைக் குலுக்கும் பெல்ட் விற்கிறவன் வந்தால் மட்டும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. நம் ஊரில் இதை ஒரே மூச்சில் முடித்துவிடுகிற காலம் ஒன்று உண்டு. கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் 108, 501 என்று நேர்ந்துகொண்டு கோவிலை ஆடிச்சுற்று சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் தவம் நின்ற கோமதி அம்மனின் கால்வலியில் பங்கு வாங்குவதாக ஐதீகம். பதினோரு மாதம் அசையாத கால் அன்றைக்கு நூறு சுற்று போனால், பங்கு தாராளமாகவே கிடைக்கும்! சுற்றாதே என்று யாரையும் தடுக்காதே, கேட்கமாட்டார்கள். வைகாசியிலேயே நேர்ச்சைக்காரர்களைக் கூப்பிட்டு ஐந்து சுற்றில் தொடங்கி, வலியைப் பார்த்து வாரவாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போ. இடையில் ஓய்வு நாளும் வேண்டும். அதற்கு ஒரு சுற்று எத்தனை அடி என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டமில்லாத ஒரு விடியற்காலையில் அளந்துவிடலாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி