கடல் மீனை எப்படி எண்ணுவது?



நடுவட்டத்தில் நம் உறுப்பினர்கள் பலர், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். அந்த வீடுகளில் மாசிச் சம்பல் இடித்தால் லயத்துக்கே வாசனை தெரியும். போன கூட்டத்தில் ஒரு அக்கா, "அந்த மாசி எந்த மீனுங்க, எங்கிருந்து வருது?" என்று கேட்டார். மலை மேலே இருக்கிற நமக்குக் கடல் சங்கதி எதற்கு என்று சிலர் சிரித்தார்கள். ஆனாலும் விசாரித்தோம். நாம் எழுதும் பதிவேட்டுக்கும் அந்த மீனுக்கும் சம்பந்தம் இருக்கிறது!

மாசி என்பது சூரை மீன். நீளவாக்கில் அரிந்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். மாலத்தீவிலும் நம் நாட்டு லட்சத்தீவிலும் இது பரம்பரைத் தொழில். லட்சத்தீவில் 36 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது பத்தில்தான். கேரளக் கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் போகணும். அங்கே மினிக்காய் தீவில் மாசி பதப்படுத்துவதில் பெண்களின் உழைப்பு அதிகம்.

சூரை பிடிக்கும் விதமே தனி. முதலில் தீவை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில், விரல் நீளம்கூட இல்லாத இரை மீனை வலையில் பிடித்து, படகுத் தொட்டியில் உயிரோடு வைக்கிறார்கள். வெளிக்கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் இரை மீனை வீசி, தண்ணீரையும் பீய்ச்சி அடிப்பார்கள். சூரை மேலே துள்ளி வரும். கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். ஆக, இரை மீன் இல்லையென்றால் சூரையும் இல்லை, மாசியும் இல்லை.

இரை மீனில் சில வகைகள் பவளப்பாறையை அண்டி வாழ்பவை. கடல் சூடேறி 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் அங்கே பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. ஏராளமான பவளம் செத்தது. மீனும் குறைகிறதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? கடலுக்குள் இறங்கித் தலை எண்ண முடியாதே!

இதற்கு நம் கொழுந்துப் பறிப்பே நல்ல உதாரணம். ஒரு காட்டில் முன்பு மத்தியானத்துக்குள் 20 கிலோ பறித்தோம். இப்போ அதே 20 கிலோவுக்குச் சாயங்காலம்வரை நிற்கணும். தராசைக் கேட்டால் ரெண்டு நாளும் 20 கிலோதான் என்று சொல்லும். செடி களைத்துப்போனது நம் கைக்குத்தான் தெரியும். மீனும் அப்படித்தான். கரைக்கு வந்த மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எத்தனை மணி நேரம் தேடினார்கள், எவ்வளவு டீசல் எரிந்தது, அதற்கு எவ்வளவு மீன் கிடைத்தது என்று சேர்த்துப் பார்க்கணும். நீளத்தையும் அளக்கணும். சூரை சுமார் 40 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தபிறகுதான் முட்டை போடும். அதைவிடச் சின்னதே வலையிலும் தூண்டிலிலும் கூடிக்கொண்டு வந்தால், முதல் கரைகிறது என்று அர்த்தம். வட்டியை எடுக்காமல் முதலையே எடுத்துச் செலவழித்த குழுக்கள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியாதா?

கொச்சியில் தலைமையகம் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரைக்கு வரும் மீனை மாதிரி எடுத்துக் கணக்கிடுகிறது. ஆனால் தூரத்துத் தீவுகளில் தினம் தினம் படகுகளோடு நிற்க எத்தனை அதிகாரிகளை அனுப்ப முடியும்? அதனால் தட்சிண் பவுண்டேஷன் என்ற அமைப்பு, லட்சத்தீவு மீனவர்கள் கையிலேயே நோட்டைக் கொடுத்தது. போன தேதி, இடம், பிடித்த இரை மீன், கிடைத்த சூரை, செலவான எரிபொருள் எல்லாவற்றையும் மீனவர்களே எழுதினார்கள். எழுதியதை ஊரில் வைத்துப் பேசினார்கள். (நம் தீர்மானப் புத்தகம் போலத்தான். நாம் சில மாதம் எழுதாமல் விடுகிறோம், அது வேறு விஷயம்.)

சூரை ஒரு தீவோடு நிற்காமல் நாடு விட்டு நாடு போகும் மீன். அதனால் செஷல்ஸ் நாட்டில் இயங்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறது. இரை மீனோ தீவின் சொந்தச் சொத்து. அதைத் தீவுக்காரர்கள்தான் கவனிக்கணும்.

இப்படித் தீவுகளைச் சுற்றிக் கவனம் வைத்த பெண்கள் நம் மாநிலத்திலும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் முங்கிக் கடல்பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்துப் பெண்கள்தான் அவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பறிப்பார்கள். மறுபடி துளிர்க்க வேண்டுமே என்று, இரும்புக் கருவி கூடாது, கையால்தான் பறிக்கணும், மாதத்தில் 12 நாள்தான் போகணும் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். போகாத நாளில் கூலி கிடையாது. வீட்டில் அடுப்பு எரியணும். அப்படி இருந்தும் வைத்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது.

இந்த மாதக் கூட்டத்தில் பேச: முன்பைவிடக் கூடுதல் நேரம் அலைந்தும் நமக்கு அதே அளவுதான் கிடைக்கிறது என்றால், அது எது? விறகா, மாட்டுக்குப் புல்லா, ஊற்றுத் தண்ணீரா? ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, போன நேரம், வந்த நேரம், கிடைத்த அளவு மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். ஊக்குநர் மூலம் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். வந்த கணக்கை அடுத்த இதழில் போடுகிறோம்.