பள்ளி விட்டபின் வீட்டில்: மாலை நேரமும் குடும்ப விளையாட்டுகளும்

குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசுகிறோம். கட்டடம், ஆசிரியர், பாடநூல், சத்துணவு ஆகியவை யாவும் இன்றியமையாதவையே. ஆயினும் பள்ளி மணி அடித்து, பிள்ளைகள் புத்தகப் பையுடன் வீடு திரும்பிய பின்னர், உறங்கும் வரையில் உள்ள நேரத்தைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மாலை நான்கரை மணி முதல் இரவு எட்டரை மணி வரை எனக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. வாரத்தின் ஐந்து பள்ளி நாட்களுக்கு இருபது மணி நேரம். இந்த நேரத்தைக் குழந்தையும் குடும்பமும் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பது கிராம முன்னேற்றத்தைச் சார்ந்த விஷயமே ஆகும்.

திருவண்ணாமலையையும் அதன் சுற்றுப்புறங்களையும் எடுத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் பல லட்சம் மக்கள் இங்கு வந்து 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றுகின்றனர். அப்பாதையை ஒட்டிய அடி அண்ணாமலை, அத்தியந்தல் போன்ற ஊர்களிலும் நகரத்திலும் பூ, கற்பூரம், இளநீர், சிற்றுண்டி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு மாலை நேரமே வியாபார நேரம். வட்டாரத்தின் பிற கிராமங்களிலோ, அதே வேளையில் தாய்மார்கள் மணிலாக் கொல்லையிலிருந்து திரும்பிப் பால் கறக்கவும் அடுப்பு மூட்டவும் விரைகின்றனர். பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து ஓரிடத்தில் அமர்த்திவிடுவது எளிய வழியாகத் தோன்றுகிறது. இதற்காகப் பெற்றோரைக் குறை கூறுவது முறையன்று. அவர்களுடைய உழைப்பின் சுமை அத்தகையது. அச்சுமைக்கு நடுவிலும், பணச் செலவின்றிச் செய்யக்கூடியவை எவை என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு ஓர் உரிமை

விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. உலக நாடுகள் இதற்கு மாறான கருத்தையே ஏற்றுக்கொண்டுள்ளன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை எனக் கூறுகிறது. இந்தியா 1992-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. மேலும், 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது. அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும், படிப்புக்கு ஊறு நேராத வகையில் உதவி செய்யலாம் என்று விலக்களிக்கப்பட்டுள்ளது. கடைக்குத் துணையாக நிற்கும் சிறுவனின் மாலைப்பொழுது முழுவதும் கடைக்கே போய்விடுமானால், அந்த விலக்கின் கருத்து நிறைவேறியதாகாது.

மாலை நேரத்தின் மதிப்பைத் தமிழ்நாடு அண்மையில் கண்கூடாகக் கண்டது. கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடு செய்யும் பொருட்டு, 2021 அக்டோபர் 27-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். பாடல், கதை, விளையாட்டு வாயிலாகப் பயிற்சி. இதுவே அதன் முறை. வீட்டுத் திண்ணையும் ஊர்ப் பொதுவிடமும் வகுப்பறைகளாயின. பெரிய செலவோ கட்டடமோ இன்றி, குழந்தையின் வீட்டருகிலேயே மாலைப்பொழுதைப் பயனுள்ளதாக்க இயலும் என்பது இதனால் விளங்கியது. தன்னார்வலர் இல்லாத தெருவிலும், ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒரு பகுதியைத் தானே மேற்கொள்ளலாம். அதற்கு ஏற்ற சில முறைகளைக் கீழே காண்க.

1. பல்லாங்குழி

பலகை இல்லையெனில் மண்ணில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் பறித்தால் போதும். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை வீதம் எழுபது கொட்டைகள் வேண்டும். குன்றிமணி நஞ்சுள்ளது, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள கொட்டைகளை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கை காலியானதும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாயிருந்தால் அதைத் துடைத்து, அதற்கப்பாலுள்ள குழியின் கொட்டைகளைத் தமதாக்கிக்கொள்வார். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அக்குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதிகள் சிறிது மாறுபடும். உங்கள் வீட்டுப் பாட்டியார் ஆடிய முறையையே கேட்டுப் பின்பற்றுவது சிறந்தது.

ஆட்டத்தின் இடையே இரண்டொரு கேள்விகள் கேட்டால் கணிதம் தானாக வரும். உன் கையில் 28 கொட்டைகள் உள்ளன. குழிக்கு ஐந்தாக எத்தனை குழிகள் நிரம்பும்? ஐந்து குழிகள் நிரம்பி மூன்று மீதியாகும். வகுத்தலும் மீதியும் இவ்வாறு விரல்நுனியில் பதிந்துவிடுகின்றன. எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பழக்கமும் உண்டாகிறது.

2. ஆடுபுலி ஆட்டம்

தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில் இக்கட்டம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் இருபத்து மூன்று. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து, மூன்று கூழாங்கற்களையும் பதினைந்து புளியங்கொட்டைகளையும் கொண்டு ஆடலாம். ஆடுகளை ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்க வேண்டும். எல்லாம் இறங்கிய பின்னரே அவை நகரலாம். ஆட்டுக்கு அப்பால் காலியிடம் இருந்தால் புலி தாண்டி அதை வெட்டும். புலிகள் மூன்றும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படுவதையும், ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்த ஆடுகளின் முன் புலி திகைத்து நிற்பதையும் பிள்ளை தன் கண்ணால் காண்கிறது. தந்தையும் மகளும் எதிரெதிரே அமர்ந்து ஆட இதைவிட ஏற்ற விளையாட்டு அரிது. இங்கு வயதுக்கும் வலிமைக்கும் சலுகை கிடையாது.

3. புள்ளிக் கோலம்

கோலம் பெண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுவோம். பையன்களும் மாவைக் கையில் எடுக்கட்டும். நேர்ப்புள்ளியில் நடுவரிசை 5, இருபுறமும் 3, 1 எனக் குறைத்தால் மொத்தம் 13 புள்ளிகள். நடுவரிசை 7 ஆனால் 25. இடைப்புள்ளியில் 7 முதல் 4 வரை குறைத்தால் 37. அடுத்த அளவுக்கு எத்தனை புள்ளிகள் வரும் என்பதை வரைவதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். 13 என்பது 9-உம் 4-உம் சேர்ந்தது. 25 என்பது 16-உம் 9-உம் சேர்ந்தது. இந்த ஒழுங்கைத் தானே கண்டுபிடிக்கும் சிறுமியின் முகமலர்ச்சியைக் காணக் கண் கோடி வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கென்று எண்ணற்க. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த அறிஞர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலங்களின் அமைப்பை ஆராய்ந்தார். கணிப்பொறி இயலில் பட மொழி இலக்கணங்கள் என்னும் துறைக்கு நம் வாசற்கோலம் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

4. மழைக்கணக்கு

நமது மாவட்டத்தின் வேளாண்மை ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது. ஆகவே மழையை அளக்கக் கற்பது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள தகரக்குவளை ஒன்றை, மரநிழலோ கூரையோ இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். மறுநாள் காலை அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்து நாட்குறிப்பில் எழுதச் செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீருக்குச் சமம். பத்தடிக்கு இருபதடி உள்ள கூரையின் பரப்பு ஏறத்தாழ பதினெட்டரைச் சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அக்கூரையில் விழும் நீர் 460 லிட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் காரணம் பிள்ளைக்கு அப்பொழுது புரியும். நம் வீட்டுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று அதுவே பெற்றோரைக் கேட்கத் தொடங்கும்.

மழையில்லாத மாதங்களில், ஒரு தொட்டியில் நான்கு மணிலா விதைகளை ஊன்றலாம். ஒரு மாத அளவில் மஞ்சள் பூ தோன்றும். பூ உதிர்ந்தபின் காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் புகுந்து காயாகும். நாள்தோறும் கொல்லையில் கண்டும் காணாத இந்த அதிசயத்தை வாசற்படியருகே கவனிப்பது சிறந்த இயற்கைப் பாடம்.

5. கார்த்திகை மாவலி

அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றும் கார்த்திகைத் திருநாளன்று நம் பகுதிப் பிள்ளைகள் மாவலி சுற்றுவது வழக்கம். காய்ந்த ஆண் பனம்பூவைக் குழியிலிட்டு எரித்து, முழுவதும் சாம்பலாகுமுன் மூடிக் கரியாக்குவர். அதை இடித்துத் தூளாக்கி, பழைய பருத்தித் துணியில் சுருட்டி, பனைமட்டைப் பிளவுகளுக்கிடையே வைத்துக் கட்டிக் கயிறு பூட்டுவர். நெருப்பிட்டுச் சுற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். வேகமாகச் சுற்றும்போது மிகுதியான காற்றுப் பட்டுக் கரி நன்கு கனல்கிறது. கண்ணில் பட்ட ஒளி சற்றே தங்குவதால் தனிப்பொறிகள் ஒரே வளையமாகத் தெரிகின்றன. அறிவியலும் பனைமரத்தின் பயனும் ஒருங்கே விளங்கும். ஆனால் கரியாக்குவதும் நெருப்பிடுவதும் பெரியவர்கள் பொறுப்பு. கூரை வீடு, வைக்கோற்போர் ஆகியவற்றுக்குத் தொலைவில், பருத்தி ஆடை அணிந்து, வாளி நிறைய நீர் அருகில் வைத்துக்கொண்டே சுற்ற வேண்டும்.

6. படித்துக் காட்டலும் கதை கேட்டலும்

நாள்தோறும் பதினைந்து நிமிடம் பிள்ளை உரக்கப் படிக்க, வீட்டார் கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயாரும் இதில் பங்கு கொள்ளலாம். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பிள்ளை பொருளுணர்ந்து படிக்கிறதா என்பதைக் காட்டிவிடும். வாரம் ஒருநாள் தாத்தா, பாட்டியரிடம் ஊர் ஏரியின் பெயர் எப்படி வந்தது, பழைய நாளில் எவ்வகை நெல் விளைந்தது என்று கேட்டு, விடையைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம்.

குடும்பம் கவனிக்க வேண்டியவை

பிள்ளை வீடு திரும்பியதும் வேர்க்கடலையோ சுண்டலோ கொடுத்து, இருட்டும் வரை வெளியில் ஓடியாட விடுங்கள். விளக்கு வைத்தபின் வீட்டுப்பாடம். இரவு உணவுக்கு முன்னோ பின்னோ அரை மணி நேரம் குடும்ப விளையாட்டு. அந்த அரை மணியில் பெரியவர்களின் கைபேசியும் அலமாரியில் இருக்கட்டும். பௌர்ணமி நாட்களில் வியாபாரத்திற்குச் செல்லும் குடும்பங்கள், மற்ற நாட்களுக்கு இந்த ஏற்பாட்டை வைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது. பல வீடுகளில் மகன் விளையாடப் போகிறான். அதே வயதுள்ள மகள் தண்ணீர் பிடிக்கவும், பாத்திரம் துலக்கவும், தம்பியைத் தூக்கவும் நிற்கிறாள். அவளுடைய மாலைப்பொழுது நாள்தோறும் இவ்வாறு கழிந்தால், படிப்பில் அவள் பின்தங்குவதற்கு நாமே காரணமாவோம். வீட்டு வேலையை இருவருக்கும் சமமாகப் பிரித்தால், விளையாட்டு நேரமும் இருவருக்கும் சமமாகக் கிடைக்கும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 2006-07 முதல் 2010-11 வரையிலான ஐந்தாண்டுகளில் ஊராட்சிகளில் நூலகங்களும் விளையாட்டிடங்களும் அமைக்கப்பட்டன. உங்கள் ஊர் நூலகம் மாலையில் திறந்திருக்கிறதா, பிள்ளைகள் படிக்கும் புத்தகங்கள் அங்கு உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்றோ மற்றக் கூட்ட நாட்களிலோ கிராம சபையில் அதை எடுத்துரைக்கலாம். பள்ளித் தாழ்வாரத்திலும் பேருந்து நிழற்குடைத் திண்ணையிலும் ஆடுபுலிக் கட்டத்தை வர்ணத்தால் வரைந்து வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாதம் ஒருமுறை தம் கூட்டத்திற்குப் பின் தாய்மாரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் பல்லாங்குழிப் போட்டியை நடத்தலாம்.

இவற்றுள் எதற்கும் அரசாணைக்காகவோ நிதி ஒதுக்கீட்டிற்காகவோ காத்திருக்கத் தேவையில்லை. எழுபது புளியங்கொட்டைகளும், ஒரு சுண்ணாம்புக் கட்டியும், வீட்டார் ஒருவரின் அரை மணி நேரமும் இருந்தால் போதும். இவ்வாரமே ஏதேனும் ஒன்றைத் தொடங்கி, ஒரு மாதம் விடாது நடத்திப் பார்க்குமாறு பெற்றோர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.